ராத்திரி அடுப்புக்கு அரை மணி நேரம்: ராமநாதபுரக் கடலோர வீடுகளுக்கான சமையல் வழிகாட்டி

நெத்திலி வேக நாலு நிமிடம் போதும். சூடைக்கு ஆறு, ஏழு நிமிடம். கீரை ஐந்து நிமிடத்தில் வதங்கிவிடும். அப்படியிருந்தும் வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீடு வருகிறவர்கள் எட்டரைக்கும் அடுப்படியை விட்டு வெளியே வர முடிவதில்லை. காரணம் அடுப்பு இல்லை. மீன் ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, மசால் வறுத்து அரைப்பது, புளி ஊறவைத்துக் கரைப்பது, இந்த நாலும்தான் நேரத்தைத் தின்கின்றன. இந்த நாலையும் ராத்திரியிலிருந்து எடுத்து வேறு பொழுதில் வைத்துவிட்டால், நம் கரையோரச் சாப்பாட்டைப்போல வேகமாகச் சமைக்கக்கூடியது வேறில்லை. பாக்கெட் நூடுல்ஸுக்குப் போக வேண்டிய அவசியமே வராது.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி.

ஞாயிற்றுக்கிழமை செய்துவைக்க வேண்டியவை

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குள் பொடி, வதக்கல், புளிக்கரைசல், தேங்காய்ப் பூ நாலும் முடிந்துவிடும்.

முதலில் பொடி. குண்டு மிளகாய் வற்றல் 60 கிராம், மல்லி 120 கிராம், சீரகம் 20 கிராம், மிளகு 15 கிராம், வெந்தயம் 5 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. குழம்புக்கு நல்ல கருஞ்சிவப்பு நிறம் கொடுக்கும். நீட்டு மிளகாய்தான் கிடைக்கிறது என்றால் கால் பங்கு குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மல்லியைத் தனியாக, குறைந்த தீயில், கையில் எடுத்தால் சுடுகிற அளவுக்கு வறுத்தால் போதும். மிளகாயையும் தனியாக வறுங்கள். தோல் தடிப்பானதால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு அரைத்தால் பொடி பத்தே நாளில் கட்டிபிடிக்கும். வறுத்த மிளகாயை ஆறவிட்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று உடைய வேண்டும், வளையக் கூடாது. வெந்தயத்தைக் கடைசியில் போட்டு, நிறம் ஒரு பிடி மாறியதும் இறக்கிவிடுங்கள். கருகிய வெந்தயம் மொத்தப் பொடியையும் கசக்க வைத்துவிடும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். 200 கிராமுக்கு மேல் பொடி கிடைக்கும். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அன்றாடம் எடுக்க ஒரு சின்ன டப்பா, மீதிக்கு இறுக மூடிய இன்னொரு டப்பா என்று பிரித்து வையுங்கள். பெரிய டப்பாவைத் தினமும் திறந்து மூடினால் அதிலும் ஈரம் ஏறிவிடும்.

அடுத்து வதக்கல். ராத்திரி நேரத்தை மிச்சப்படுத்துவதில் பெரும்பங்கு இதற்குத்தான். உரித்த சின்ன வெங்காயம் 500 கிராம், தக்காளி 500 கிராம், பூண்டு 100 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, மேலே சொன்ன பொடியில் 90 கிராம், கல்லுப்பு 15 கிராம். வெங்காயத்தை உரிப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

எண்ணெய் காய்ந்ததும் பூண்டும் வெங்காயமும் போட்டு, ஓரம் பொன்னிறமாகும்வரை நடுத்தீயில் வதக்குங்கள். பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். பிறகு தக்காளி, உப்பு. தக்காளி கரைந்து தண்ணீர் வற்றியபின் தீயைக் குறைத்துப் பொடியைப் போட்டுக் கிளறுங்கள். தண்ணீர் வற்றும் முன்னே பொடியைப் போட்டால் அது எண்ணெயில் வதங்காமல் தண்ணீரில் வேகும். பச்சை வாடை போகாது. கிளறும்போது கரண்டி போன தடத்தில் சட்டியின் அடி தெரிந்து, அந்தத் தடத்தில் சிவப்பு எண்ணெய் கசிந்து வரும். அதுதான் பதம். ஆறவிட்டு மிக்சியில் கொரகொரவென்று ஒரு சுற்று சுற்றுங்கள்.

ஏறக்குறைய 750 கிராம் வரும். 150 கிராம் வீதம் ஐந்து டப்பா. ஒரு டப்பா, ஒரு ராத்திரிக் குழம்பு. ஃப்ரிட்ஜில் ஐந்து நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் நிற்கும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் உள்ளே சொட்டிச் சீக்கிரம் கெடும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே வைப்பதும் தவறு. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த எதையும் வெளியே வைக்கக் கூடாது. அகலமான தட்டில் பரப்பினால் அரை மணி நேரத்தில் ஆறும். உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

புளி: 100 கிராம் புளியை 300 மில்லி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, 200 மில்லியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். ஒரு குழம்புக்கு 40 மில்லி. இரண்டு வாரம் ஃப்ரிட்ஜில் இருக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

தேங்காய்: இரண்டு காயைத் துருவி, 50 கிராம் வீதம் பொட்டலமாகத் தட்டி ஃப்ரீசரில் போடுங்கள்.

மீனை எப்போது வாங்குவது, எப்படி வைப்பது

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாளில் நாட்டுப்படகு மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகில் நெத்திலி, சூடை, காரல் மாதிரிச் சின்ன மீன் வந்துகொண்டுதான் இருக்கும். ராத்திரிச் சமையலுக்கு அவைதான் தோதானவை. சீக்கிரம் வேகும், விலையும் கைக்கு அடங்கும், முள்ளோடு மென்று தின்னும்போது சுண்ணாம்புச் சத்தும் சேரும். சூடையில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. பெரிய சீலா மீன் துண்டுதான் சத்து என்று நினைத்துச் செலவழிக்க வேண்டாம்.

சாயங்காலம் வாங்கும் மீன் பெரும்பாலும் காலையில் இறங்கியது. அதனால் முடிந்தால் காலையில் வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது மேல். வாங்கும் இடத்திலேயே, "அக்கா, தலையைக் கிள்ளிக் குடலை எடுத்துக் குடுங்க" என்று சொல்லி ஆய்ந்து வாங்கிவிடுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். உங்கள் அரை மணி நேரத்துக்கு அது தகும். ஆய்ந்தபின் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 450 கிராம் சுத்தமான மீன் வேண்டுமென்றால் 750 கிராம் வாங்குங்கள்.

நெத்திலியில் முதலில் கெடுவது வயிறு. விரலால் தொட்டால் வயிறு வெடித்துக் குடல் பிதுங்கினால் விட்டுவிடுங்கள். சூடையில் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூடை, அயிலை, சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் சூட்டில் வைத்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து, நாக்கு சுணைக்கும், தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து அந்த மீனையே விட்டுவிடுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் மீனில் இல்லை, ஐஸில்தான். வண்டியில் வீடு வரும் அரை மணி நேரத்துக்கும் ஒரு பை ஐஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசி, தண்ணீரை வடியவிட்டு, ஜிப் உள்ள பையில் இரண்டு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாகக் கட்டிவைத்த மீன் இளக இரண்டு மணி நேரம் எடுக்கும். தட்டையான பை, பையோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் இருபது நிமிடத்துக்குள் இளகும். வெந்நீரில் போடாதீர்கள், மேல் பகுதி வெந்து உள்ளே ஐஸாகவே நிற்கும்.

நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை, சோறு: கடிகாரத்தோடு

முந்தின ராத்திரியே முருங்கைக்கீரைக் கொத்துகளை ஈரமில்லாத துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். ஒவ்வொரு காம்பாக உருவிக்கொண்டு உட்கார வேண்டாம். உதிர்ந்ததை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வேலை முடிந்து வந்ததும்:

0-வது நிமிடம். மண்சட்டியைக் குறைந்த தீயில் வெறுமனே ஏற்றுங்கள்; அது சூடேற நேரம் எடுக்கும். நெத்திலிப் பையைத் தண்ணீரில் போடுங்கள். 2 டம்ளர் புழுங்கலரிசியைக் களைந்து, 5 டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஏற்றுங்கள். பழைய அரிசிக்கு 6 டம்ளர். நாலு விசில். காலையிலேயே ஊறவைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நம் வெயிலில் பத்து மணி நேரம் ஊறிய அரிசி புளித்துவிடும், வேண்டாம்.

5-வது நிமிடம். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை. பொரிந்ததும் ஒரு டப்பா வதக்கலைப் போட்டு ஒரு நிமிடம் கிளறி, புளிக்கரைசல் 40 மில்லி, தண்ணீர் 400 மில்லி ஊற்றுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி மட்டும். வதக்கலில் ஏற்கெனவே இருக்கிறது.

7 முதல் 16 வரை. மூடாமல் நடுத்தீயில் கொதிக்கட்டும். முதலில் மேலே நுரை கட்டும். ஏழெட்டு நிமிடத்தில் நுரை அடங்கி, சட்டி ஓரத்தில் எண்ணெய் ஒரு சிவப்பு வளையமாக ஒதுங்கும். அதற்கு முன் மீனைப் போடக் கூடாது. தேங்காய் சேர்க்கிற வீடுகளில் 50 கிராம் பொட்டலத்தை அரைத்து 12-வது நிமிடத்தில் ஊற்றலாம். தேங்காய் இல்லாத குழம்பு மறுநாளும் நன்றாக இருக்கும்.

16-வது நிமிடம். நெத்திலியைப் பரவலாகத் தூவி, தீயைக் கொஞ்சம் குறையுங்கள். போட்டதும் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு நிமிடத்தில் பால் வெள்ளையாகி, சற்றே வளைந்து மேலே வரும். அகப்பை போடவே கூடாது. சட்டியின் இரண்டு பக்கத்தையும் துணியால் பிடித்து, ஒரு அரைச் சுற்று அசைத்துவிட்டால் குழம்பு தானாகப் புரளும்.

20-வது நிமிடம். அடுப்பை அணைத்து, கிள்ளிய கறிவேப்பிலை போட்டு மூடுங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு நிமிடம் முந்தி அணைத்தால் தவறில்லை. மூடியபடியே பத்து நிமிடம் விட்டால் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கும்.

இதற்கிடையில் 15-வது நிமிட வாக்கில் குக்கர் இறங்கியிருக்கும். அந்த அடுப்பில் கீரை: ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, ஒரு வற்றல், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, 100 கிராம் கீரை, உப்பு. ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடாமல் ஐந்து நிமிடம். இறக்கும்போது 50 கிராம் தேங்காய்ப் பூ. மூடிப்போட்டு வேகவைத்தால் நிறம் கறுத்து, வாடை உள்ளேயே தங்கும். ராத்திரி கீரை ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிற வீடுகளில் கீரையை மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரிக்கு வெண்டைக்காயோ சுரைக்காயோ வதக்குங்கள்.

முப்பதாவது நிமிடம் தட்டு போடலாம்.

குழம்பு கசந்தால், நெத்திலியின் குடல் சரியாக எடுபடவில்லை, அல்லது தாளிப்பில் வெந்தயம் கருகிவிட்டது. புளிப்பு தனியாக, காரம் தனியாக நாக்கில் பட்டால் கொதி போதவில்லை. மீன் போட்டபின் இதைச் சரிசெய்ய முடியாது, மீன் கரைந்துவிடும். அந்த நேரத்தில் மீனை அரிகரண்டியால் எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி சேர்க்கலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி போதும். உப்புக் கூடிவிட்டால் தண்ணீரும் கொஞ்சம் புளிக்கரைசலும் சேர்த்து நீட்டுவது ஒன்றே வழி.

இதே டப்பா, இதே அளவு தண்ணீர். மீன் மட்டும் மாறலாம். சூடைக்கு ஏழு நிமிடம். இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் போட்ட பாறை, விளமீன், சீலா துண்டுக்கு எட்டு முதல் பத்து. இறாலுக்கு மூன்று, நாலு நிமிடம்தான். வால் வளைந்து சிவந்ததும் முடிந்தது, அதற்கு மேல் விட்டால் சுருங்கி நார் நாராகும். நண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். கணவாய் விஷயம் வேறு. இரண்டு, மூன்று நிமிடத்தில் எடுத்தால் மெதுவாக இருக்கும். அதைத் தாண்டினால் ரப்பராகும். பிறகு நாற்பது நிமிடம் வேகவைத்தால்தான் மறுபடி மெதுவாகும். வேலை நாளில் கணவாயைக் குழம்பில் போடாதீர்கள். வளையமாக நறுக்கி, தண்ணீரை நன்றாக வடித்து, நன்கு காய்ந்த இரும்புச் சட்டியில் பொடியும் பூண்டும் சேர்த்துப் பெரிய தீயில் மூன்று நிமிடம் பிரட்டி எடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மீன் சொதி

காரம் தாங்காத பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு குழம்பு வைப்பதைவிட, வாரத்தில் ஒருநாள் எல்லோருக்குமே சொதி வைத்துவிடலாம். முள் குறைவான, சதை கெட்டியான விளமீன் இதற்கு நல்லது; 400 கிராம் துண்டு.

மூன்று பொட்டலம் தேங்காய்ப் பூவை வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். சக்கையில் 400 மில்லி விட்டு அரைத்தால் இரண்டாம் பால். பச்சைத் தண்ணீர் விட்டால் உறைந்த கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும், பால் நீர்த்துப்போகும். இரண்டாம் பாலில் நீளமாக நறுக்கிய வெங்காயம் 100 கிராம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள். எட்டு நிமிடம். தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் அணையுங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துத்தான். கொதிக்கும்போது புளிப்பு விழுந்தால் பால் திரிந்து, தயிர்த் திப்பியாக மேலே மிதக்கும். திரிந்தாலும் கெட்டுப்போனதில்லை, சாப்பிடலாம். பார்வைக்குத்தான் நன்றாக இராது.

கடையில் வாங்கிய இடியாப்பத்தோடு இது அற்புதமான ராத்திரிச் சாப்பாடு. மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

மீன் இல்லாத ராத்திரிகள்

காற்று அடித்துப் படகு போகாத நாள், விரத நாள், மாதக் கடைசி. இவற்றுக்கு மூன்று ஏற்பாடு.

பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும். 150 கிராம் பருப்பில் சுமார் 35 கிராம் புரதம் இருக்கிறது. ஊறவைக்க வேண்டாம். நாலு பல் பூண்டு, மஞ்சள், 450 மில்லி தண்ணீர், இரண்டு விசில். திறந்து 100 கிராம் கீரையைப் போட்டு நாலு நிமிடம் கொதிக்கவிட்டு உப்புப் போடுங்கள். சீரகம், வற்றல், சின்ன வெங்காயம் தாளிப்பு. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கரையவில்லை என்றால் பருப்பைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊரில் உவர்ப்பும் கடினமும். அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல் சுவரோடு பிணைந்து அதை மெதுவாகவிடாது. பருப்புக்கு மட்டுமாவது காவிரிக் கூட்டுக் குடிநீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். சாப்பிடும்போது தட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க அதிலுள்ள வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த உதவி வீணாகும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

முட்டை ஆணம், அதாவது முட்டைக் குழம்பு. ஒரு டப்பா வதக்கல், 400 மில்லி தண்ணீர், முருங்கைக்காய் ஒன்று. காய் எட்டு நிமிடத்தில் வெந்ததும் தீயைக் குறைத்து, ஆறு முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். கிளற வேண்டாம். ஏழு நிமிடத்தில் மஞ்சள் கருவும் கெட்டிப்படும். கொதி அதிகமாக இருக்கும்போது ஊற்றினால் வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து குழம்பு முழுக்கப் பரவிவிடும். அவித்து உரிக்கிற வேலை இல்லாததால் பதினெட்டு நிமிடத்தில் முடியும்.

கருவாடு. நெத்திலிக் கருவாடு 60 கிராம், கத்தரிக்காய் 250 கிராம், ஒரு டப்பா வதக்கல், புளிக்கரைசல் 20 மில்லி, தண்ணீர் 300 மில்லி. கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து, பிறகு வெந்நீரில் பத்து நிமிடம். கரை மணலில் காயவைத்த கருவாட்டில் மணல் கட்டாயம் இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு தடவையும் மேலிருந்து அள்ளி எடுங்கள், தண்ணீரைச் சாய்த்து ஊற்றினால் மணலும் கூடவே வரும். வலைமேலோ சிமென்ட் தளத்திலோ உலர்த்தியது கிடைத்தால் இரண்டு காசு கூடக் கொடுத்து அதையே வாங்குங்கள். கத்தரிக்காய் எட்டு நிமிடம் வெந்தபின் கருவாடு, இன்னும் ஐந்து நிமிடம். உப்பு கடைசியில் ருசி பார்த்துத்தான். பெரும்பாலும் தேவையே இராது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருவாடு அடிக்கடி வேண்டாம்.

சோறு வேண்டாத நாளுக்குக் கேழ்வரகு ரொட்டி. 250 கிராம் மாவு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு. கொதிக்கிற தண்ணீர் 200 மில்லி அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடி ஐந்து நிமிடம் கழித்துப் பிசையுங்கள். கேழ்வரகில் கோதுமைபோல இழுவை இல்லை, சூடுதான் மாவை ஒட்டவைக்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். வாழை இலையில் தட்டி, பக்கத்துக்கு மூன்று நிமிடம். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

மீந்ததை என்ன செய்வது

சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியே விடாதீர்கள். அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சூட்டில் கிடக்கும் சோற்றில் அவை பெருகி விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. தட்டையான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைப்பது ஒரு வழி. பழைய சோற்றுக்கு என்றால், சாப்பிட்டு முடித்த கையோடு சோறு நன்றாக மூழ்கக் குடிதண்ணீர் ஊற்றி, காலையிலேயே தீர்த்துவிடுங்கள், மத்தியானம்வரை வைக்காதீர்கள்.

குழம்பில் மீன் மீந்திருந்தால் மீனைத் தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் குழம்பு நன்றாகக் கொதித்தபின் மீனைப் போட்டு, மீனும் உள்வரை ஆவி பறக்கச் சூடானதும் இறக்குங்கள். குழம்பு மட்டும் மீந்திருந்தால் அதையும் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் அதே மண்சட்டியில் சின்னத் தீயில் ஏற்றி, அகப்பையால் அடி வழித்துக்கொண்டே பாதியாகச் சுண்டவிடுங்கள். எண்ணெய் மேலே வந்து, அகப்பையில் ஒட்டிக்கொள்கிற பதத்தில் இறக்கினால் சுண்டக்குழம்பு. பழைய சோற்றைப் பிழிந்து, பக்கத்தில் இது ஒரு கரண்டியும் நாலு சின்ன வெங்காயமும் வைத்தால் காலைச் சாப்பாட்டுக்கு வேறொன்றும் சமைக்க வேண்டாம்.